ரேஞ்ச்ஃபைண்டருக்கு அல்ட்ரா வைடு: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

நம்ம காலேஜ்ல ஃபிலிம் கேமரா வெச்சிருக்கிறவங்க என் கணக்குப்படி மொத்தம் நாலு பேர். அதுல ரேஞ்ச்ஃபைண்டர் வெச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான். "அப்புறம் இந்தக் கட்டுரையை யார்டா படிப்பாங்க?"ன்னு எடிட்டர் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா கையில இருக்கிற காசு கம்மி, வாங்க வேண்டிய பொருள் ஒண்ணு, அந்தப் பொருள்ல எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாதுன்னு முடிவு பண்ற வேலை நம்ம எல்லாருக்கும் இருக்கு. லேப்டாப் வாங்கினவங்களுக்குத் தெரியும். அதனால கேமரா இல்லாதவங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்க. கணக்கு வரும், ஆனா பிளஸ் டூ அளவு டிரிக்னாமெட்ரிதான்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அல்ட்ரா வைடு லென்ஸ்ல ஃபோகஸ் கப்ளிங்கை விடலாம், பெரிய அப்பர்ச்சரை விடலாம், புது வெர்ஷனை விடலாம். கோணத்தை மட்டும் விடக்கூடாது. இணையத்துல ஆலோசனை கேட்டா பெரும்பாலும் நேர் எதிரா சொல்வாங்க: "21 வாங்கு, அது பாதுகாப்பு, 15 எல்லாம் விளையாட்டு சாமான்." நானும் ஒரு மாசம் அதைத்தான் நம்பினேன்.

என் கேமரா வாய்க்லேண்டர் பெஸ்ஸா ஆர். பேர்தான் ஜெர்மன், செஞ்சது ஜப்பான்ல நாகானோ மாகாணத்துல இருக்கிற கொசினா கம்பெனி. மாமா சிங்கப்பூர் ஷிப்யார்டுல வெல்டரா இருந்தப்போ 2001-ல வாங்கினது. கூடவே 35 மி.மீ. லென்ஸ் ஒண்ணு. நான் காலேஜ் சேர்ந்தப்போ "எனக்கு இப்ப போனே போதும் மாப்ளே, நீ வெச்சுக்கோ"ன்னு குடுத்துட்டார். ரேஞ்ச்ஃபைண்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: இந்தக் கேமராவுல லென்ஸ் வழியா நாம பார்க்கிறதில்ல. மேல ஒரு தனி ஜன்னல். அந்த ஜன்னல் நடுவுல ஒரே பொருள் ரெண்டு பிம்பமா தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ரெண்டும் நெருங்கி வந்து ஒண்ணா ஒட்டிக்கும். ஒட்டினா ஃபோகஸ் ஆச்சுன்னு அர்த்தம். இதுக்காக லென்ஸோட பின்பக்கம் கேமராவுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்த இணைப்புக்குத்தான் கப்ளிங்னு பேர்.

இப்போ எனக்கு ஏன் அல்ட்ரா வைடு தேவைப்பட்டுச்சுன்னு சொல்லணும்.

எங்க ஊர் குமாரபாளையம். வீட்டுக்குப் பின்னாடி தறிப்பட்டறை. நாலு விசைத்தறி, லுங்கி ஓடும். 24 அடிக்கு 16 அடி இடத்துல ரெண்டு ரெண்டா நாலு தறியும் நின்னா, நடுவுல ஒரு ஆள் நடக்கிற சந்துதான் மிச்சம். ஒரு பக்கச் சுவரை ஒட்டி தார் சுத்துற மெஷின், அதுக்கு முன்னாடி அம்மா. போன வருஷம் ஆடி மாசம் அப்பா முடிவு பண்ணிட்டார்: பொங்கலுக்கு அப்புறம் தறியை எடைக்குப் போடறதுன்னு. நூல் விலை, கூலி, ஆள் கிடைக்காததுன்னு காரணங்கள் நிறைய. அது வேற கட்டுரை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். நாலு தறியும் ஓடணும், அம்மா தார் சுத்தணும், அப்பா சந்துல நிக்கணும், எல்லாம் ஒரே ஃபிரேம்ல இருக்கணும்.

35 மி.மீ. லென்ஸை மாட்டி வாசல்ல நின்னு பார்த்தேன். ஒன்றரைத் தறி தெரிஞ்சுது. பின்னாடி போனா வாசல் நிலையே பாதிப் படத்தை மறைக்குது. பல படமா எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டலாமேன்னு கேப்பீங்க. நிக்கிற கட்டடத்துக்கு அது சரி. ஓடுற தறிக்கு ஆகாது, நாடா ஒரு படத்துல இந்தப் பக்கம் இருக்கும், அடுத்ததுல அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஹாஸ்டல்ல இதைச் சொன்னவுடனே வந்த முதல் பதில், "மச்சான், போன்ல 0.5 இருக்கே." இருக்கு. எடுத்தேன். நல்லாவும் வந்துச்சு. அந்தப் படம்தான் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்னிக்கும் டிபி. ட்யூப்லைட் வெளிச்சத்துல அம்மா முகம் மெழுகு மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு, நூல் இழையெல்லாம் ஒரே பூச்சா ஆயிடுச்சு, அது ஒண்ணுதான் குறை. இழை தெரியாத தறிப் படம் எனக்கு வேண்டாம். அதே சமயம், போன் போதும்னு யாராவது நினைச்சா நான் சண்டைக்கு வரமாட்டேன். 26 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

போட்டோகிராஃபி கிளப் ஜூனியர் ஒருத்தன் இன்னொரு வழி சொன்னான். கிளப்போட டிஎஸ்எல்ஆர்ல கிட் லென்ஸ் 18-ல இருந்து ஆரம்பிக்குதே, அது வைடு தானேன்னு. எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாத இடம் இது. அந்தக் கேமராவோட சென்சார் சின்னது, ஃபிலிம் ஃபிரேம்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு அகலம்தான். அதுல 18 மி.மீ. போட்டா கிடைக்கிற அகலக் கோணம் 66 டிகிரி. அதே 18-ஐ 36 மி.மீ. அகலமுள்ள ஃபிலிம்ல போட்டா? கணக்கு போடுங்க. அகலத்துல பாதி 18, குவியத்தூரம் 18. டேன் இன்வர்ஸ் 1, அதாவது 45. ரெண்டு பக்கமும் சேர்த்தா சரியா 90 டிகிரி.

இந்த 90-தான் எனக்கு முடிவு எடுத்துக் குடுத்த எண். ஒரு அறையோட மூலையில முதுகை ஒட்டி நில்லுங்க. ரெண்டு சுவரும் உங்க ரெண்டு தோள்ல இருந்து 90 டிகிரியில விரியும். முழு அறையையும் பார்க்கணும்னா லென்ஸுக்குக் குறைஞ்சது 90 வேணும். 21 மி.மீ. லென்ஸோட அகலக் கோணம் 81 டிகிரி. ஒரு பக்கத்துக்கு நாலரை டிகிரி போகுது. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா கேமராவே மூலையில இருந்து ஒரு அடி தள்ளி என் கண்ணு முன்னாடி இருக்கு. அந்த ஒரு அடியும் சேர்ந்தா, பத்தடி தூரத்துல சுவரை ஒட்டி ஒன்னேமுக்கால் அடிப் பட்டை படத்துல வராது. எங்க பட்டறையில அந்தப் பட்டையிலதான் தார் மெஷின் இருக்கு. அம்மா உட்கார்ற இடம் பாதி வெட்டுப்படும். 15 மி.மீ.க்கு அகலக் கோணம் 100 டிகிரி. அதே பத்தடியில சுவர் வரைக்கும் கிட்டத்தட்ட முழுசா உள்ள வந்துடும். பேப்பர்ல பட்டறையோட பிளானை ஸ்கேலுக்கு வரைஞ்சு, புரொட்ராக்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் இதைச் சொல்றேன். முதல் வருஷ இஞ்சினியரிங் டிராயிங் என் வாழ்க்கையில உபயோகப்பட்ட ஒரே இடம்.

சரி, 15-ன்னு முடிவு. எந்த 15?

இந்த அளவுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1969-ல ஜெய்ஸ் கம்பெனி ஹோலோகான்னு ஒரு 15 மி.மீ. லென்ஸை, அதுக்குன்னே செஞ்ச கேமராவுல பொருத்தி வித்தாங்க. மூணே மூணு கண்ணாடி, ஆனா கோலி குண்டு மாதிரி தடிமன். அப்பர்ச்சர் எஃப் 8, அதை மாத்தவும் முடியாது. படத்தோட ஓரம் அவ்வளவு இருண்டு போகும்கிறதால நடுவுல கருப்பா, ஓரத்துல தெளிவா இருக்கிற ஒரு ஃபில்டரையும் போடணும். போட்டா எஃப் 16 ஆயிடும். அப்புறம் லைக்கா எம் கேமராவுக்கும் அது வந்துச்சு. இன்னிக்கு அதோட விலையை நம்ம செமஸ்டர் ஃபீஸோட ஒப்பிடக்கூட முடியாது. ரஷ்யர்கள் வேற பக்கமா போனாங்க. மிகைல் ருசினோவ்னு லெனின்கிராட் ஆப்டிக்ஸ் விஞ்ஞானி ஒருத்தர், வானத்துல இருந்து நிலத்தைப் படம் பிடிக்கிற மேப் வேலைக்கு லென்ஸ் டிசைன் பண்ணவர். அவர் பேரைத் தாங்கினதுதான் ருஸ்ஸார் 20 மி.மீ. நம்ம மாதிரி ஸ்க்ரூ மவுன்ட் கேமராவுல நேரா மாட்டலாம். 2014-ல லோமோகிராஃபி அதைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அழகான சாமான்தான். ஆனா 20 மி.மீ.ன்னா அகலக் கோணம் 84, என் மூலைக்குப் பத்தாது.

ருசினோவ் செஞ்ச ஒரு வேலையை ஆப்டிக்ஸ் எலக்டிவ் எடுத்தவங்களுக்காகச் சொல்லணும். சாதாரணமா ஓரத்துக்குப் போகப் போக வெளிச்சம் கோசைன் கோணத்தோட நாலாம் அடுக்குல குறையும். 15 மி.மீ.க்கு மூலைக் கோணம் 55 டிகிரி. கோசைன் 55 என்ன, 0.57. நாலாம் அடுக்கு போட்டா பத்துல ஒரு பங்கு. நடுவுல 100 வெளிச்சம்னா மூலையில 10. ருசினோவ், முன் கண்ணாடியை ஒரு தினுசா வளைச்சா, ஓரத்துல இருந்து பார்க்கிறப்போ லென்ஸோட துவாரம் பெரிசா தெரியற மாதிரி பண்ணலாம், அப்போ இழப்பு மூணாம் அடுக்கா குறையும்னு காட்டினார். அதுக்கப்புறம் வந்த எத்தனையோ வைடு லென்ஸ்கள்ல அந்த யோசனை இருக்கு.

நம்ம பட்ஜெட்டுக்கு விடிவு 1999-லதான் வந்தது. கொசினா கம்பெனி வாய்க்லேண்டர்ங்கிற பழைய ஜெர்மன் பேரை உரிமம் வாங்கி, சூப்பர் வைடு ஹீலியார் 15 மி.மீ. எஃப் 4.5-ன்னு ஒரு லென்ஸ் விட்டாங்க. எட்டு கண்ணாடி, எடை 105 கிராம். நம்ம கேன்டீன் தேங்காய் பன் அதைவிட கனம்னு நினைக்கிறேன். இவ்வளவு சின்னதா செய்ய முடிஞ்சதுக்குக் காரணம் கேமராதான். எஸ்எல்ஆர்ல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல கண்ணாடி மேலயும் கீழயும் ஆடணும், அதனால 45 மி.மீ. அளவுக்கு இடம் விட்டே ஆகணும். 15 மி.மீ. லென்ஸை 45 மி.மீ. தள்ளி வெச்சு வேலை செய்ய வைக்கணும்னா முன்னாடி பெரிய பெரிய கண்ணாடியா அடுக்கணும். ரேஞ்ச்ஃபைண்டர்ல அந்த ஆடுற கண்ணாடி இல்ல. ஸ்க்ரூ மவுன்ட்டுக்கு 28.8 மி.மீ. தூரம்தான், லென்ஸோட பின்பக்கம் ஃபிலிமுக்குப் பக்கத்துல வரைக்கும் உள்ள நீட்டிக்கலாம்.

அந்த லென்ஸுக்கு மூணு தலைமுறை. 1999-ல வந்தது ஸ்க்ரூ மவுன்ட், கப்ளிங் கிடையாது, ஃபில்டர் மாட்ட மரை கிடையாது. 2009-ல வந்தது எம் மவுன்ட், கப்ளிங் உண்டு, ஃபில்டர் போடலாம். 2015-ல வந்தது டிஜிட்டல் கேமராவுக்காகவே புதுசா டிசைன் பண்ணது, எடை முதல் வெர்ஷனைவிட ரெண்டு மடங்குக்கு மேல. ஏன் புது டிசைன்? சின்ன லென்ஸ் பின்னாடி ஒட்டி இருக்கிறதால ஓரத்துக்குப் போற ஒளி ரொம்பச் சாய்ஞ்சு விழும். சென்சாருக்கு அது ஒத்துக்காது, ஓரமெல்லாம் பிங்க் கலர் படரும். ஃபிலிமுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. ஃபிலிம்ல எடுக்கிறவன் மூணாவது வெர்ஷனுக்குக் காசு குடுக்கிறது, தன்கிட்ட இல்லாத வியாதிக்கு மாத்திரை வாங்கற மாதிரி. டிஜிட்டல் எம் வெச்சிருக்கிறவங்க மூணாவதையே வாங்கிடுங்க. அவங்களுக்கு என் பட்ஜெட் ஆலோசனையும் தேவைப்படாது.

அப்போ மீதி கேள்வி கப்ளிங். இதுலதான் எல்லாரும் பயமுறுத்துவாங்க. "ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கிட்டு ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்யாத லென்ஸா?"

ஹைப்பர்ஃபோகல் தூரம்னு ஒண்ணு இருக்கு. லென்ஸை அந்தத் தூரத்துல வெச்சா, அதுல பாதித் தூரத்துல இருந்து முடிவிலி வரைக்கும் எல்லாம் தெளிவா இருக்கும். குவியத்தூரத்தை வர்க்கம் பண்ணி, அப்பர்ச்சர் எண்ணாலயும், எவ்வளவு மங்கலைப் பொறுத்துக்கலாம்கிற அளவாலயும் வகுத்தா வந்துடும். வழக்கமா அந்த அளவை 0.03 மி.மீ.ன்னு எடுப்பாங்க. 15-ஓட வர்க்கம் 225. எஃப் 8-ல ஏறக்குறைய 95 செ.மீ. வருது. அதாவது ஒரு மீட்டர்ல வெச்சுட்டா அரை மீட்டர்ல இருந்து நிலா வரைக்கும் ஃபோகஸ். முழுசா திறந்த எஃப் 4.5-லயே ஒண்ணேமுக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வெச்சா, கைநீட்டுற தூரத்துல இருந்து எல்லாம் தெளிவு. ஒப்பிட்டுப் பார்க்க: 50 மி.மீ. லென்ஸ் எஃப் 8-ல அஞ்சு மீட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

பெரிய பிரிண்ட் போடறவங்க 0.03 ரொம்பத் தாராளம்னு சொல்வாங்க. சரி, 0.02 போடுங்க. எஃப் 8-ல 70 செ.மீ.ல இருந்து தெளிவு. இப்பவும் என்ன கெட்டுப்போச்சு? இதுக்கு மேல ஒரு வேடிக்கை. ஃபோகஸ் கஷ்டப்படுத்துறது அரை மீட்டருக்கும் உள்ளதான். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோட நெம்புகோலோ வழக்கமா 70 செ.மீ. இல்லன்னா அதுக்கும் மேலயே நின்னுடும். தேவைப்படற இடத்துல கப்ளிங் இல்ல, கப்ளிங் இருக்கிற இடத்துல தேவையில்ல. கப்ளிங் இல்லாத முதல் வெர்ஷன் 30 செ.மீ. வரைக்கும் கிட்டப் போகும், கப்ளிங் உள்ள ரெண்டாவது 50-லயே நின்னுடும்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், செஞ்சவங்களையே பாருங்க. 1999-ல இந்த லென்ஸோட சேர்த்து கொசினா வித்த கேமரா பெஸ்ஸா எல். அதுல ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. பார்க்கிற ஜன்னல்கூட கிடையாது. மேல ஃபைண்டர் மாட்ட ஒரு ஷூ, அவ்வளவுதான்.

எஃப் 4.5 ட்யூப்லைட்டுக்குப் பத்துமா? ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்ல எங்க பட்டறை மீட்டர் காட்டினது 15-ல ஒரு செகண்ட். குவியத்தூரம் எவ்வளவோ அவ்வளவுல ஒரு பங்கு செகண்ட் வரைக்கும் கையில பிடிக்கலாம்னு பழைய விதி ஒண்ணு உண்டு. 15-க்கு 15-ல ஒண்ணு, சரியாப்போச்சு. கேமராவுல கண்ணாடி அடிக்கிற உதறலும் இல்ல. நாடா மட்டும் கோடா இழுத்துடும், அது இழுக்கத்தான் வேணும்.

அதனால முதல் வெர்ஷன். இன்னொரு லாபம்: ஸ்க்ரூ மவுன்ட் லென்ஸை 1 மி.மீ. தடிமன் வளையம் ஒண்ணு போட்டு எம் மவுன்ட் கேமராவுல மாட்டலாம். எம் லென்ஸை ஸ்க்ரூ கேமராவுல மாட்ட வழியே இல்ல. நாளைக்கு நீங்க பணக்காரர் ஆனாலும் இந்த லென்ஸ் கூட வரும்.

எங்க ஏமாறலாம்னும் சொல்லிடறேன். முதல்ல ஒருத்தர்கிட்ட ஆன்லைன்ல பேசி, ஃபைண்டரோட சேர்த்துன்னு நம்பி அட்வான்ஸ் அனுப்பற நிலைக்குப் போயிட்டேன். கடைசியில "ஃபைண்டர் தனி விலை"ன்னார். கேமரா ஜன்னல்ல 35-க்கு மேல அகலமா எதுவும் தெரியாது, 15-க்கு மேல ஷூல மாட்டற தனி ஃபைண்டர் கட்டாயம். புதுசா விக்கிறப்போ முதல் வெர்ஷனோட டப்பாவுலயே அது வந்துச்சு. பிரிச்சு விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதை. அது இல்லாம லென்ஸ் மட்டும் சல்லிசா கிடைச்சா விடாதீங்க, ஃபைண்டரை நாமே செய்யலாம். ஃபிலிம் 36-க்கு 24, லென்ஸ் 15. எல்லாத்தையும் ரெண்டால பெருக்கி, 72-க்கு 48 மி.மீ. சட்டம் ஒண்ணை அட்டையில வெட்டி, கண்ணுல இருந்து 30 மி.மீ. தள்ளி வெச்சுப் பாருங்க. சட்டத்துக்குள்ள தெரியறதுதான் படம். நம்ம லேப்ல 3டி பிரிண்டர் தூங்குது, அதுல அடிச்சா இன்னும் நல்லா நிக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்போ போன் டார்ச்சை லென்ஸ் பின்னாடி இருந்து அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது சாதாரணம். முன் கண்ணாடியில கீறல் இருக்கான்னும் பாருங்க, ஃபில்டர் போட முடியாததால அந்தக் கண்ணாடி எல்லாத்துக்கும் நெஞ்சைக் காட்டிக்கிட்டுதான் இருந்திருக்கும்.

கடைசியில மாமாவோட பழைய ரூம்மேட் சிங்கப்பூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில பார்த்து, லீவுக்கு வரப்போ கையில கொண்டு வந்தார். ஃபைண்டரோட நம்ம காசுக்கு 26 ஆயிரம். இன்டர்ன்ஷிப்ல ரெண்டு மாசம் கிடைச்ச 24, மேல 2 மாமா போட்டது. வீட்ல சொன்னப்போ அம்மா ஒண்ணும் சொல்லல. அப்பா மட்டும், "எடைக்கடைக்காரன் ஒரு தறிக்கு அவ்வளவுதான் சொல்றான்"னார். கோபமா சொல்லல. விலை விசாரிச்சுட்டு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. லென்ஸைத் திருப்பி வித்துடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். இந்தக் கட்டுரையில இவ்வளவு கணக்குப் போட்டேனே, அந்த ஒரு கணக்குக்கு இன்னும் என்கிட்ட விடை இல்ல.

முதல் ரோல் பாதி வீண். மூணு படத்துல என் விரல். நூறு டிகிரி லென்ஸ், கேமராவைப் பிடிக்கிற கையையே பார்த்துடும். ரெண்டு படத்துல மீட்டர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துட்டு பட்டறையைக் கரியாக்கிடுச்சு. கேமராவைக் கொஞ்சம் கீழ சாய்ச்சதுல தறியெல்லாம் என் மேல விழுற மாதிரி நின்னுச்சு. ஒரு ரோல், கழுவறது, ஸ்கேன்னு ஆயிரத்தைத் தாண்டுது, பாதி வீண்னா வலிக்கும். ஆனா அதுலயும் பெரிய தப்பு வேற. அம்மாவை ஃபிரேமோட ஓரத்துல வெச்சிருந்தேன். படத்தைப் பார்த்துட்டு "நான் என்னடா இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"னு கேட்டாங்க. லென்ஸ் கோணலில்ல, நேர்கோட்டை நேராவே வரையற லென்ஸ் எல்லாமே ஓரத்துல இப்படித்தான் இழுக்கும். 45 டிகிரி தள்ளி இருக்கிற முகம் உயரத்தைவிட அகலத்துல 1.4 மடங்கு கூட விரியும். விதி: மனுஷ முகத்தை நடுப்பக்கம் வைங்க, ஓரத்துல சுவரையும் இரும்பையும் விடுங்க. அடுத்த ரோலுக்கு எதிர் மூலைக்கு மாறினேன். அங்க இருந்து அம்மா நடுவுக்குப் பக்கத்துல, அப்பா சந்துல, தறிகள் ரெண்டு பக்கமும். தை மாசம் மூணாவது வாரம். அடுத்த புதன்கிழமை லாரி வந்துச்சு.

12-க்கு 18 இஞ்ச் பிரிண்ட் போட்டேன். அந்த ஓர இழுப்பு மறையறதுக்கு ஒரு தூரம் இருக்கு: 15 மி.மீ.யைப் படத்தை எத்தனை மடங்கு பெருக்கினோமோ அவ்வளவால பெருக்கணும். இந்த பிரிண்ட்டுக்கு 19 செ.மீ. ஒரு சாணுக்கும் கம்மி. யாரும் படத்தை அவ்வளவு கிட்ட வெச்சுப் பார்க்கமாட்டாங்கன்னு நினைச்சேன். அப்பா கண்ணாடியைக் கழட்டி நெத்திமேல ஏத்திட்டு, துணியில இழை அறுந்திருக்கான்னு பார்க்கிற மாதிரி மூக்கு கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார். "மூணாவது தறியில அச்சு மாத்தினது தெரியுது பாரு"ன்னு அம்மாகிட்ட காட்டினார்.

லென்ஸ் இப்போ என் ஹாஸ்டல் அலமாரியில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட இருக்கு. மே மாசம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். யாருக்காவது மாட்டிப் பார்க்கணும்னா கேமராவோட சேர்த்தே தரேன். ரோல் மட்டும் உங்க காசு.